வாகையின் கிழக்குக் கொப்பு

ஆவணி 4, வியாழன்

மோட்டார் ஓடிய நேரத்தை எழுத ஊராட்சியில் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். அதில் நேரத்தைத்தான் எழுதலாம், மனிதன் படும் பாட்டை எழுத இடமில்லை. அதற்காகத்தான் இந்த டைரியை எடுத்து வைத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் கேட்டிருக்கும் விவரங்களை எழுதிவிடுகிறேன். பெயர்: தவசிலிங்கம். வேலை: மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். ரத்த வகை: தெரியாது. ஊர்ப் பெண்கள்தான் தினமும் குடிக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டு வருடமாக மழை இல்லை. போர்க்கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயைத் திறக்கிறேன். அதற்கே இன்று நாலு பேர் என் செத்துப்போன அப்பா வரைக்கும் இழுத்துப் பேசினார்கள். போன பங்குனியில் வாகைமரத்துப் பக்கம் பைப் ஜாயிண்ட் விட்டுப்போனது. ஆபீசுக்குச் சொல்லியிருந்தால் ஆள் வந்து தோண்டிப் பார்த்துச் சரிசெய்ய பத்து நாள் ஆகியிருக்கும். நான் என் கூடப் பிறந்த சீனித்தாய் அக்காவிடம் போய் அத்தானின் பழைய சைக்கிள் டியூப்பைக் கேட்டு வாங்கி வந்தேன். அத்தான் இறந்து ஆறு வருடமாகியும் அதைப் பரணில் சுருட்டி வைத்திருந்தாள். சிவப்பு டியூப். அத்தான் கையால் ஒட்டிய மூன்று பஞ்சர் இருந்தது. அதை இறுக்கிச் சுற்றிக் கட்டி, மண்ணைத் தள்ளி மூடி, நோட்டில் ‘சரி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒரே மணி நேர வேலை. ஊரில் ஒருவராவது ‘பரவாயில்லையே’ என்று சொன்னார்களா? இல்லை.

ஆவணி 9, செவ்வாய்

தொட்டி நிறைய இரண்டு மணி நேரம் ஆகும். இன்று இரண்டே முக்கால் ஆனது. கரண்டு மட்டமாக வருகிறது போல.

ஆவணி 15, திங்கள்

மூன்று மணி நேரம்.

மோட்டார் ரூமிலிருந்து தொட்டிக்கு வரும் வழியில் வாகைமரத்தடியில் ஒரு நாய் படுத்திருந்தது. விரட்டினேன், எழுந்திருக்கவில்லை. அது படுத்திருந்த இடம் குளிர்ச்சியாக இருந்தது. குச்சியால் குத்திப் பார்த்தேன், குச்சி நுனியில் மண் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆடு மேய்ப்பவர்கள் தண்ணீர் கொட்டியிருப்பார்கள்.

நாளை ஆபீசுக்குப் போன் போட வேண்டும். அம்மன் கோயில் கொடை வேறு வருகிறது. இந்தத் திருவிழா நேரத்தில் தோண்டிப் போட்டால் என்னை உரித்துத் தொங்கவிடுவார்கள். கொடை முடியட்டும்.

ஆவணி 22, திங்கள்

கொடை முடிந்தது. கரும்புச்சாற்று வண்டிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டேன் என்று என் மீது பழி. கோமதி, அதாவது என் வீட்டுக்காரி, “உங்களுக்கு ரோசமே கெடையாதா?” என்று கேட்டாள். ரோசம் உள்ளவன் பார்க்கிற வேலையா இது?

போன் போடவில்லை.

ஆவணி 27, சனி

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

எங்கள் ஊரில் ஆவணி பிறந்தால் யாரும் விதைப் பானையைத் திறக்க மாட்டார்கள். கண்மாய்க்கு மேற்கே நிற்கும் வாகைமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆடிக் காற்றில் மொட்டையாகி, நெற்றுகள் மட்டும் கலகலவென்று ஆடிக்கொண்டிருக்கும் மரம். அதன் கிழக்குக் கொப்பில் துளிர் விட்டால் பதினைந்தாம் நாள் மழை. இதில் எந்தச் சாதிக்கும் எந்தக் கட்சிக்கும் சந்தேகம் கிடையாது. டிவியில் புயல் என்று சொன்னால்கூட, “வாகை என்ன சொல்லுது?” என்றுதான் கேட்பார்கள். துளிர் விட்ட பிறகுதான் காய்ந்த புழுதியில் விதைப்பார்கள். மழை வந்ததும் விதை தானாக முளைத்துவிடும். மழை வந்த பிறகு இந்தக் கரிசல் மண்ணில் கால் வைக்க முடியாது, முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும். அதனால் மழைக்கு முந்தியே விதைத்தாக வேண்டும். ரொம்ப முந்தினால் எறும்பு தின்னும். நாள் தெரிய வேண்டும், அந்த நாளை மரம் சொல்லும்.

துளிரை முதலில் பார்த்தவர் வழியில் யாரோடும் பேசக்கூடாது. கால் கழுவிவிட்டு அம்மன் கோயில் மணியை மூன்று தடவை அடிக்க வேண்டும். அவருக்குக் கோயிலில் வேட்டி கட்டி மாலை போடுவார்கள். கோயில் நிலத்தில் முதல் கை விதையும் அவர்தான் போடுவார்.

இன்று காலை மோட்டாரைப் போட்டுவிட்டு வரும்போது அண்ணாந்து பார்த்தேன். கிழக்குக் கொப்பில் இளம்பச்சையாகத் துளிர். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். துளிர்தான், நாலைந்து இடத்தில்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். காலுக்கடியில் மண் மெத்தென்று இருந்தது.

பிறகு போய் மணி அடித்தேன்.

ஆவணி 28, ஞாயிறு

மாலை போட்டார்கள்! எனக்கு! கோயில் தலைவர் வெயிலுமுத்து மாமா தன் கையாலேயே வேட்டி கட்டிவிட்டார். “தண்ணிக்காரன் வாயாலயே மழைச் சேதி வந்துருக்கு, இதுக்கு மேல என்னலே வேணும்!” என்று சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாத ஆரம்பத்தில் என் அப்பாவை இழுத்தவள் இன்று என் கையில் திருநீறு வாங்கிக்கொண்டாள். கோமதி நெடுநாளைக்குப் பிறகு பட்டுச்சேலை கட்டியிருந்தாள். இந்த வேலைக்கு வந்த பதினெட்டு வருடத்தில் இந்த ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்றைக்குத்தான்.

ஆவணி 30, செவ்வாய்

சீனித்தாய் அக்கா சாயங்காலம் வந்தாள். வந்தவள் உட்காரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. அத்தான் போனபின் தனியாகத்தான் பார்க்கிறாள். மகள் இசக்கி பன்னிரண்டாவது படிக்கிறாள். இரண்டு வருடமாக விளைச்சலே இல்லாமல், விதைக்கென்று வைத்திருக்கும் அரை மூட்டை உளுந்தைச் சாம்பல் போட்டு, கஞ்சிக்குக்கூட எடுக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறாள். இந்தத் தடவை விளைந்தால் இசக்கி படிப்பை முடித்துவிடுவாள். இல்லாவிட்டால் தாயும் மகளும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேன் ஏற வேண்டியதுதான். இது ஊருக்கே தெரியும்.

“தம்பி, ஒண்ணு கேக்கேன். கோவிச்சுக்கிடாத. கம்மாக்கரையில வேற ஒரு மரமும் துளுக்கல. வேம்பு துளுக்கல, புங்கை துளுக்கல. இது மட்டும் துளுத்துருக்கு. அதுலயும் ஒம் பைப்பு போற பக்கத்துக் கொப்பு மட்டும். அடியில ஈரமா வேற கெடக்கு. பங்குனியில எங்கிட்ட டியூப் வாங்கிட்டுப் போனியே, அந்த எடந்தான? நீ தண்ணிக்காரன், ஒனக்குத் தெரியாம இருக்காது. சொல்லு, இது மழைத் துளிரா, பைப்புத் துளிரா?”

நான் அப்போது கோயில் வேட்டியைத்தான் கட்டியிருந்தேன். கோமதி அடுப்படியில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மழைத் துளிர்தான்க்கா. அந்த ஜாயிண்டு கல்லு கணக்கா இருக்கு” என்றேன்.

“நீ சொன்னாப் போதும்” என்றாள். முகம் தெளிந்துவிட்டது. இசக்கி பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் ஜெயித்த கதையைச் சொன்னாள். காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

ஜாயிண்டை நான் தோண்டிப் பார்க்கவில்லை, வாஸ்தவம். பார்க்காத ஒன்றைக் கெட்டுவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த மரம் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தெரியாதா?

ஆவணி 31, புதன்

விதைத்தார்கள். முதல் கை நான் போட்டேன்.

புரட்டாசி 6, செவ்வாய்

தொட்டி நிறைய மூன்றேகால் மணி நேரம். நோட்டில் இரண்டு மணி என்று எழுதினேன். துளிர் இப்போது இலையாகிவிட்டது. அந்தக் கொப்பு மட்டும் பச்சையாக இருக்கிறது, மற்றதெல்லாம் சுள்ளி. போகிறவர்கள் வருகிறவர்கள் கும்பிடுகிறார்கள்.

வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

புரட்டாசி 9, வெள்ளி

எறும்பு வரிசை வரிசையாக விதையைத் தூக்கிக்கொண்டு போகிறது. அக்கா வேப்பங்கொழுந்தை இடித்துக் கரைசலாக்கிப் புற்றுகளில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். நானும் சும்மா போய் நின்றேன். “இன்னும் ரெண்டு நாளு தம்பி” என்றாள். பதினைந்தாம் நாளை அவள் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணுகிறாள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

புரட்டாசி 11, ஞாயிறு

மழை!

மூன்று மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. புழுதி வாசம் வந்தது, பிறகு பெருந்துளியாக விழுந்தது. வெயிலுமுத்து மாமா சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் நின்றார். இசக்கி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடினாள். அக்கா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். தம்பியை யாராவது கும்பிடுவார்களா?

நான் அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நன்றாக அழுதேன். மரம் சொன்னது சரியாகப் போயிற்று. நான் பொய் சொல்லவில்லை.

இருபது நிமிடத்தில் நின்றுவிட்டது. ராத்திரிக்கு மறுபடி வரும் என்கிறார்கள்.

புரட்டாசி 12, திங்கள்

வரவில்லை.

புரட்டாசி 14, புதன்

முளைத்துவிட்டது. காடு முழுக்க ஊசி ஊசியாக உளுந்து முளைத்திருக்கிறது. பார்க்கவே பயமாக இருந்தது. முளைக்காமல் மண்ணுக்குள் கிடந்திருந்தால் இன்னும் பத்து நாளாவது தாங்கியிருக்கும். முளைத்தது இனி உள்ளே போகாது. அந்த இருபது நிமிட மழை பெய்யாமலே இருந்திருக்கலாம்.

புரட்டாசி 16, வெள்ளி

காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, அடுப்பு வாயைத் திறந்தது போல. இரண்டிலை விட்டவுடன் நுனி கருகத் தொடங்கியது.

இசக்கி பள்ளிக்கூடம் போகவில்லை. தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்து, காட்டுக்குச் சுமந்து, டம்ளரால் செடிச் செடியாக ஊற்றுகிறாள். மூன்று ஏக்கருக்கு டம்ளரில் தண்ணீர்! நான் அவளுக்காக அந்தத் தெருக்குழாயை மட்டும் அரை மணி கூடுதலாகத் திறந்துவிட்டேன். ஊர் கூடிவிட்டது.

“ஒங்கக்கா வீட்டுக்கு மட்டும் தனியா கம்மாயா வெட்டி வச்சிருக்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

மூடிவிட்டேன். இசக்கி பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மோட்டாரை நிறுத்தினேன். வாகையடியில் நாய் இன்னும் படுத்திருக்கிறது. மூன்று ஏக்கருக்கு வேண்டிய தண்ணீரை ஒரு மரம் குடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததை இங்கே எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். இருக்கட்டும்.

புரட்டாசி 20, செவ்வாய்

ஒரு செடிகூட இல்லை. ஊர் முழுக்க ஒன்றுகூட இல்லை.

புரட்டாசி 23, வெள்ளி

கோயிலில் கூட்டம் போட்டார்கள். தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன், என்னைத்தான் கேட்கப் போகிறார்கள் என்று. மணி அடித்தவன் நான்தானே. ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை.

“தவசி என்னய்யா செய்வான்? அவன் கண்ணுல பட்டத வந்து சொன்னான். மரந்தான் பொய் சொல்லிருச்சு” என்றார் வெயிலுமுத்து மாமா. “எங்கப்பன் காலத்துல இருந்து நம்புனோம். பொய் சொன்ன மரம் இனி ஊருக்குள்ள நிக்கப்படாது.”

வெட்டுவது என்று முடிவானது. நான் எழுந்து சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை, பைப்பு ஒழுகுது என்று. எழுந்தேன். “குடிக்கத் தண்ணி வேணுமாப்பா?” என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்று வெளியே வந்துவிட்டேன்.

புரட்டாசி 26, திங்கள்

வெட்டினார்கள். ஆறு பேர், காலையிலிருந்து மத்தியானம் வரை. பச்சைக் கொப்பு விழும்போது இலைகள் மடங்காமல் விரிந்தே இருந்தன. பெண்கள் ஒருவர்கூடப் பக்கத்தில் வரவில்லை. சாமியாகக் கும்பிட்ட மரத்தின் விறகை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். விறகுக்கடை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

புரட்டாசி 27, செவ்வாய்

தொட்டியின் அளவு பார்க்க மேலே ஏறியிருந்தேன். அங்கிருந்து கண்மாய், காடு எல்லாம் தெரியும். அக்கா கடப்பாரையோடு வந்தாள். மற்றவர்கள் எடுக்க மாட்டார்கள், அவளுக்கு அடுப்பெரிக்க வேண்டுமே. கிழக்குப் பக்கத்து வேரைத் தோண்டினாள்.

நான் மேலிருந்து கத்தியிருக்க வேண்டும். அக்கா, அங்கே வேண்டாம் என்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முழங்கால் ஆழம் தோண்டியிருப்பாள். கடப்பாரையை வைத்துவிட்டுக் குத்த வைத்து உட்கார்ந்தாள். கையை உள்ளே விட்டாள். வெளியே எடுத்த கையில் சேறு, அது வெயிலில் பளபளத்தது. மறுபடி கையை விட்டு எதையோ தடவித் தடவிப் பார்த்தாள். அத்தான் ஒட்டிய பஞ்சர் மூன்றையும் அவள் விரல் தேடியிருக்கும். ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மண்ணைத் தள்ளினாள். கையாலேயே தள்ளி, காலால் மிதித்து, குழி இருந்த இடமே தெரியாமல் மூடினாள். விறகு எடுக்கவில்லை. கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து தொட்டியைப் பார்த்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் பார்த்தாளா இல்லையா தெரியவில்லை.

என்னைக் காட்டிக்கொடுக்காமலிருக்கத்தான் அவள் அதை மூடினாள். அதற்குக்கூட நான் லாயக்கு இல்லை. கூடப் பிறந்தவளின் அரை மூட்டை விதையை, ஒரு வேட்டிக்கும் மாலைக்குமாக மண்ணில் போட வைத்தவன் நான். அந்தப் பிள்ளையின் படிப்பும் அதோடு போயிற்று.

புரட்டாசி 30, வெள்ளி

திருப்பூர் வேன் வந்தது. அக்காவும் இசக்கியும் ஏறினார்கள். பள்ளிக்கூடப் பையில் துணிகளை அடைத்திருந்தாள் இசக்கி. புத்தகங்களை அடுக்கிக் கோமதியிடம் கொடுத்து, “வேற யாருக்காச்சும் ஆகும், அத்த” என்றாள்.

வீட்டுச் சாவியையும் அக்கா கோமதியிடம்தான் கொடுத்தாள். நான் அவள் பையைத் தூக்கி உள்ளே வைத்தேன். ஏதாவது கேட்பாள், திட்டுவாள், துப்புவாள் என்று காத்திருந்தேன்.

“ஒடம்பப் பாத்துக்கோ” என்றாள்.

ஐப்பசி 2, திங்கள்

குழியைத் தோண்டினேன். டியூப் இற்றுப்போயிருந்தது. புது ஜாயிண்ட் போட்டேன். தொட்டி இரண்டு மணி நேரத்தில் நிறைந்தது. நோட்டில் ‘சரி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டியூப்பைக் கழுவிக் காயவைத்துச் சுருட்டி வைத்திருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஐப்பசி 9, திங்கள்

நேற்றுக் காலை பிடித்த மழை இன்னும் விடவில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் வருகிறது. காடெல்லாம் சேறு. விதைக்க ஒரு வீட்டிலும் விதை இல்லை. ஆண்கள் குடையோடு போய்த் தங்கள் தங்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வருகிறார்கள். வாகை இருந்திருந்தால் இந்த மழைக்கு எப்போது துளிர்த்திருக்கும் என்று வெயிலுமுத்து மாமா என்னிடம் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ஐப்பசி 11, புதன்

மழை. மோட்டார் ரூமின் தகரத்தில் இரைச்சல் காது கிழிகிறது. பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன். கம்பெனியில் டீ நேரமாம். இசக்கிக்கு முதல் வாரம் கை வீங்கியிருந்ததாம், இப்போது பழகிவிட்டதாம். கோமதி எப்படியிருக்கிறாள் என்று கேட்டாள்.

“தம்பி, அங்க என்னமோ தண்ணிச் சத்தமா கேக்குதே. மழையா, பைப்பா?”

“மழைதான்க்கா. நாலு நாளா ஊத்துது. அம்மன் மேல சத்தியமா மழைதான்க்கா.”

“அன்னைக்கும் இப்படித்தான் சொன்ன” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. மணி அடித்துவிட்டார்கள், வேலைக்குப் போகிறேன் என்று வைத்துவிட்டாள்.

இன்று மோட்டார் போடவில்லை. நேற்றே நிறைந்த தொட்டி மழையில் வழிகிறது.